ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீர்கள்?

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் நான் முகம் பார்த்த அத்தனை மின்சார மீட்டர்கள் மேலும் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். மீட்டர் பொய் சொல்லாது. அதன் எதிரே நின்று எண்ணைக் குறித்துக்கொண்டவனும் பொய் சொல்லமாட்டான். சொன்னால் வேலை போய்விடும். நான் ஓய்வு பெற்று வெகுநாளாகிறது, இனிமேல் போக வேலை இல்லை என்பது வேறு விஷயம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேட்டரிக் கடையிலிருந்து வந்தது. கடைக்காரரைத் தெருவே ஆசிட் என்றுதான் கூப்பிடும். பெயருக்கு நேர்மாறான மனிதர், குரல் பஞ்சு மாதிரி இருக்கும். வேனுக்குள் வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும், பேட்டரியில் ஓட வேண்டும், பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொறப்பீங்க?”

எழுபத்தொரு வயதாகிறது. எத்தனை மாத்திரை, எத்தனை பிள்ளைகள், ராத்திரி எத்தனை தடவை எழுந்து போவீர்கள், எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

“எண்ணிப் பார்த்ததில்லையே.”

“எண்ணிட்டு வாங்க சார். பெட்டி எதுன்னு அப்புறம் சொல்றேன்.”

அவ்வளவுதான். மற்றதெல்லாம் எண்ணப் போனதால் வந்த வினை.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் பார்த்தேன். தொடங்கியவற்றை அப்படியே கீழே விட்டுவைக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் ரொட்டி விற்ற வேன் ஒன்று, வயதான ஒரு தம்பதியைப் பார்த்து

(வேன் எப்படிப் பார்க்கும்? அடித்தாயிற்று.)

குளிர் என்பது ஒரு பொருள் அல்ல. வெப்பம் வெளியேறிய பிறகு மிஞ்சுகிற

(இது பாடப்புத்தகம். அடித்தாயிற்று.)

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. எதற்காகத் திறந்தோம் என்று அவளுக்கு

(இது சரியான தொடக்கம்தான். ஆனால் இதிலேயே தொடங்கினால் நீங்கள் என் மனைவியைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள். அவள் யாரென்று முதலில் சொல்ல வேண்டும்.)

என் மனைவி ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். பயணக் கையேடுகள் அவள் பகுதி. எந்த ஊரில் எந்த அருவி, எந்த மலைக்கு எத்தனை வளைவு, எந்தக் கடற்கரையில் காலை ஐந்தரைக்குப் போனால் ஆமை பார்க்கலாம், எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலோடு படித்தவள். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று சொன்னாள்: “நான் எழுத்துப்பிழை திருத்தின ஊரையெல்லாம் ஒரு தடவை பாக்கணும். சரியாத்தான் இருக்கான்னு.”

அதற்குத்தான் வேன். பேக்கரிக்காரர் ஒருவர் விற்றது. உள்ளே இன்னமும் ரொட்டி வாசனை. வாங்கிய புதிதில் எங்கே நிறுத்தினாலும் காலை ஏழு மணிக்கு யாராவது வந்து பக்கவாட்டில் தட்டி ரொட்டி கேட்பார்கள். ஒருவர் நகரவே மாட்டேன் என்று நின்றதால் வீட்டிலிருந்த அரை ரொட்டியைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் வந்து, பழைய ருசி இல்லை என்று புகார் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்று கேட்டார்.

நான் எழுதும் எதுவும் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். ஆகவே இனிமேல் சதுர அடைப்புக்குள் ஏதாவது வந்தால் அது அவள் குறிப்பு. அழிக்கச் சொன்னால் அழிக்கமாட்டாள்.

[அழிக்கமாட்டேன். ‘ஏழு மணிக்கு’ என்பது ‘ஆறரைக்கு’. மற்றபடி சரி.]

2

வேனை வாங்கிய செய்தி தெரிந்ததும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போடுகிறவள்; எதையும் அளந்துதான் பேசுவாள்.

“இந்த நிலைமைல வண்டியில ஊர் சுத்தணுமாப்பா?”

“எந்த நிலைமை?”

“அம்மாகிட்ட குடுங்க” என்றாள். என் மனைவி தொலைபேசியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். வெளியே வந்தபோது ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

ஒப்பந்தம் இதுதான். எங்கள் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, வீட்டுக்குள் போகாமல், நான்கு நாள் அதில் வாழ்ந்து காட்ட வேண்டும். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மகள் வருவாள். அதுவரை பேட்டரி ஒரு தடவைகூடச் சாகாமல் இருந்தால் நாங்கள் போகலாம். செத்தால் வேனை விற்றுவிட்டு அவள் வீட்டு மாடி அறைக்குப் போய்விட வேண்டும். மாடி அறை நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர் தெரியும்.

“பேட்டரிய வச்சு நம்மள எப்படிம்மா அளக்கறது?” என்று கேட்டேன்.

“நீங்க முப்பத்திரண்டு வருஷம் மீட்டர வச்சுத்தானே ஊரை அளந்தீங்க” என்றாள் என் மனைவி.

[‘2’ ஏற்கெனவே வந்துவிட்டது. இது 3. திருத்தவில்லை. இருக்கட்டும்.]

4

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் பிறகு மூடி திறந்துகிடக்கும்போது உங்களுக்குப் பதைக்காது.

பேட்டரியை நூறு தம்ளர் தண்ணீர் பிடிக்கிற குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் அப்படித்தான் சொன்னார். நல்ல வெயிலடித்தால் கூரைமேல் இருக்கும் சோலார் பலகை ஒரு நாளைக்கு ஐம்பது தம்ளர் ஊற்றும். மேகம் போட்டால் பதினைந்து. விளக்கு, மின்விசிறி, தொலைபேசி எல்லாம் சேர்ந்து பத்து தம்ளர் குடிக்கும். மீதி எவ்வளவு போகிறது என்பது ஃபிரிட்ஜின் குணத்தைப் பொறுத்தது.

கடையில் மூன்று வகை இருந்தன.

முதலாவது, விசிறி மட்டும் வைத்த குளிர்பெட்டி. எடை இல்லை, பார்க்க அழகு. ஆனால் ஓய்வே எடுக்காது. ஒரே நாளில் குடத்தைக் கவிழ்த்து நக்கிவிடும். “இது பிக்னிக்குக்கு, வாழறதுக்கு இல்ல” என்றார் ஆசிட்.

இரண்டாவது, நம் வீட்டில் இருப்பதுபோலக் கம்ப்ரசர் வைத்து, முன்பக்கம் கதவு திறப்பது. சும்மா விட்டால் நாளைக்கு முப்பது தம்ளர். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது நம் காலடியில் கொட்டி வழிந்து போய்விடும். திறந்து வைத்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு தடவைக்கும் கால் தம்ளர் நஷ்டம்.

மூன்றாவது, பெட்டகம் மாதிரி மேலே மூடி திறப்பது. அதே கம்ப்ரசர், அதே முப்பது தம்ளர். மூடியைத் தூக்கினாலும் குளிர் கிணற்றுத் தண்ணீர்போல உள்ளேயே கிடக்கும். குறை என்னவென்றால், அடியில் இருக்கும் பொருளை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைக்க வேண்டும். முதுகு குனிய வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் இதை விரும்பி வாங்குவதில்லை என்றார்.

நான் வேலையிலிருந்த காலத்தில் ஒரு வீட்டில் நாய் ஒன்று இருந்தது.* அதைச் சொல்ல இது இடமில்லை.

* சரி, சொல்லிவிடுகிறேன். நான் வாசலில் நின்றால் போதும். மீட்டர் பெட்டியின் மூடியை மூக்கால் தள்ளித் திறந்து, அந்த மாதம் எத்தனை யூனிட் ஓடியதோ அத்தனை தடவை குரைக்கும். நானூற்றுப் பன்னிரண்டு யூனிட் ஓடிய மாதம் எனக்கு அரை நாள் வீணாயிற்று. நடுவில் ஒரு தடவை தும்மியது; அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

5

ஒரு வாரம் எண்ணினேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் நேராகத் தெரியும். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு நோட்டு. கோடு போட்ட பழைய நோட்டுதான். நான்கு கட்டம்: மணி, திறந்தது, எடுத்தது, மூடியது.

முதல் நாள் நாற்பத்தொரு தடவை. அதில் ஏதாவது எடுத்தது பதினேழு தடவை.

ஏதோ தப்பு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் முப்பத்தெட்டு, எடுத்தது பதினைந்து. மூன்றாம் நாள் நாற்பத்து நான்கு; எடுத்தது பதினாறு.

மற்ற தடவைகளில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன். பத்து இருபது: திறந்தது. நின்றது. எடுக்கவில்லை. மூடியது. பத்து இருபத்தாறு: திறந்தது. நின்றது. தக்காளியைத் தொட்டுப் பார்த்தது. மூடியது. பதினொன்று ஐந்து: திறந்தது. நீண்ட நேரம் நின்றது. கூப்பிட்டதும் திரும்பிச் சிரித்தது. மூடியது.

திறந்த கதவுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்பதை நீங்கள் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் விளக்கு முகத்தில் விழும். தோள் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பாலுக்கா, தண்ணீருக்கா, எலுமிச்சைக்கா என்று அந்தத் தோள் தேடுவது தெரியும். ‘என்ன வேணும்?’ என்று கேட்டுவிடலாம். கேட்டால் அந்தத் தோள் இறங்கிவிடும். ஆகவே கேட்காமல் குறித்துக்கொண்டால் போதும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

எண்ணிக்கை சரியா என்று உறுதி செய்துகொள்ள நடுநடுவே நானும் கதவைத் திறந்து பார்த்தேன். நாளைக்கு ஒரு இருபது, இருபத்தைந்து தடவை இருக்கும். அதைச் சேர்க்கவில்லை. ரீடிங் எடுக்கிறவன் ரீடிங்கில் சேர மாட்டான். இது எங்கள் துறையில் பால பாடம்.

[இந்தப் பத்தியை நீக்கிவிடலாமா?]

வேண்டாம். இருக்கட்டும்.

6

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நாங்கள் என்றால் இருவரும்.

ஆசிட் நோட்டைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். அவர் வழக்கமாகக் கேலி செய்கிற ஆள். அன்றைக்கு நோட்டை மெதுவாக மூடி வைத்தார். அந்த நேரத்தில் கடை நடுவே காட்சிக்கு வைத்திருந்த முன்கதவு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மனைவிதான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் அட்டைத் தட்டு. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், அது டிஸ்ப்ளே சார். உள்ள ஒண்ணும் இருக்காது” என்றார் ஆசிட் மெதுவாக.

அவருக்குப் பெண்களிடம் பேசக் கூச்சம். அவளுக்குச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் அவளுக்குப் பதிலாக, “தெரியும், தெரியும். ரப்பர் வளையம் இறுக்கமா இருக்கான்னு பாத்தேன்” என்றேன். கதவை மூடினேன்.

பிறகு அவர் கணக்குப் போட்டார். முன்கதவு என்றால், முப்பதோடு திறப்பதற்கு ஒரு பத்து, விளக்கு விசிறிக்குப் பத்து, ஆக ஐம்பது. மேகம் போட்டால் வரவு பதினைந்து. மூன்று நாள் தாங்காது.

“இது வேணும்னா, தொறக்கறதக் கொறைக்கணும். நாளைக்கு இருபதுக்குள்ள. பூட்டுகூடப் போட்டுத் தர்றேன், சாவி ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். சில வீட்டுல அப்படித்தான் பண்றாங்க.”

எங்கோ ஒரு சார்ஜர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“பூட்டு வேணாம்” என்ற குரல் வந்தது. “மேல தொறக்கற பெட்டியே குடுங்க. அதுன்னா எத்தனை தடவை வேணும்னாலும் தொறந்துக்கலாம்ல?”

“தொறந்துக்கலாம். குளிர் எங்கயும் போகாது.”

“அப்ப அதுதான்.”

“முதுகு குனியணுமே?”

“குனிஞ்சா போச்சு. மூடி தொறந்ததும் எல்லாம் தெரியற மாதிரி ஒரே அடுக்கா வைப்பேன். அடியில முழுக்கத் தண்ணி பாட்டிலா அடுக்கிடலாம். கரண்ட் நின்னாலும் குளிர் புடிச்சு நிக்கும்.”

இதைச் சொன்னது நான். கதையின் திருப்பமே இந்த இடம்தான் என்பதால் இன்னொரு தடவை சொல்கிறேன்: சொன்னது நான்.

7

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த அறையில் இருந்தபடி என் பேனா நின்ற சத்தத்தை வைத்தே ஒரு கமாவை விட்டுவிட்டேன் என்று சொல்பவள், பாலை எடுக்க வந்ததை மறப்பாளா? வேனை ஓட்டப் போகிறவளும் அவள்தான். எனக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. போன வருடம் ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில் ஊர் கொஞ்சம் மாறிவிட்டது, அதிலிருந்து சாவி அவளிடம். மறதிக்காரியிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பதா என்று வாசகர் கேட்பாரே?

நேராக அவளிடமே போய்க் கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கதையில உனக்கு மறதி வச்சிருக்கேன்.”

“எனக்கா?”

“யாருக்காவது வைக்கணும்ல. இல்லாட்டி கதை நகராது.”

பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். முனை போதுமான அளவு கூரான பிறகும் சீவினாள். பிறகு காகிதத்தில் விழுந்த தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்கே வைங்க. என்னால தூக்க முடியும்.”

“கோவமில்லயே?”

“கோவமென்ன. ஆனா எழுத்துப்பிழை மட்டும் வைக்காதீங்க, மறதியோட அதையும் சேத்து என்னால தூக்க முடியாது.”

8

நான்கு நாள் சோதனை.

திங்கள்கிழமை காலை வேனை வாசலில் நிறுத்தினோம். எங்கே நிறுத்துவது என்பதிலேயே சண்டை. சோலார் பலகைக்கு வெயில் வேண்டும், பெட்டிக்கு நிழல் வேண்டும். முன்பாதி மரத்தடியிலும் பின்பாதி வெயிலிலுமாக நிறுத்தி, பெட்டியை முன்பாதிக்கு நகர்த்தினாள். வெளியே மடக்கு நாற்காலி இரண்டு. முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிர வைத்துவிட்டோம். ஓட்டுநர் இருக்கை அருகே ஒரு சின்னத் திரை. குடத்தில் எத்தனை தம்ளர் மிச்சம் என்று காட்டும். நூறு.

நான் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டினேன். என் மனைவி மூடியைத் தூக்கினால் முகத்துக்கு நேராகத் தெரியும். அதில் இப்படி எழுதியிருந்தது:

‘பால் இடது மூலை. தண்ணீர் நடுவில். பழம் வலது பக்கம். எதற்கு வந்தோம் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. மூடிவிட்டு வெளியே வரவும். இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கிறது.’

வானம் மூடிக்கொண்டது. திங்கள் சாயங்காலம் எழுபத்தைந்து. செவ்வாய் ஐம்பது. இடையில் மகள் தொலைபேசியில் கேட்டாள், “எவ்ளோம்மா இருக்கு?” “பாதி இருக்குடி.” “பாதி போயிடுச்சுன்னு சொல்லு.” இருவரும் அச்சு அசல் ஒரே வார்ப்பு.

ஒவ்வொரு நாளும் நாற்பது தடவை மூடி திறந்தது. நாற்பது தடவையும் மூடிக்கொண்டது. குளிர் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தால், முதல் நாற்காலியில் இருப்பவர் ஒன்றும் கேட்கமாட்டார். “மேகம் கலையுமா?” என்பதுபோல ஏதாவது பேசுவார். அவ்வளவுதான். இப்படி உட்கார்ந்து நாங்கள் பேசி எத்தனையோ வருடமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நாற்காலிகள் எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தன.

புதன் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது; அதே ஐம்பது.

9

வியாழக்கிழமை. இந்த இடத்தை ஏழு தடவை எழுதிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணி. என் மனைவி மூடியைத் திறந்தாள்

மூடி திறந்திருந்தபோது, தெருவில்

தெருவில் ஒருவர் ரீடிங் எடுக்க வந்திருந்தார். கையில் சின்ன இயந்திரம். இப்போதெல்லாம் நோட்டு கிடையாது, காட்டினால் அதுவே குறித்துக்கொள்ளும். என் மனைவி அவரைப் பார்த்ததும் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவரோடு நான்கு தெரு நடந்தாள். மூன்று மணி நேரம் மீட்டர்களைப் பற்றிப் பேசினாள்.

[எனக்கு மீட்டரைப் பற்றி என்ன தெரியும்?]

முப்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்துவிட்டுத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாயைப் பற்றிக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறாள். மூக்கால் மூடியைத் திறந்து, அறுநூற்று நாற்பது தடவை குரைக்குமாம்.

[நாய் முன்பே வந்துவிட்டது. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு.]

வேறு மாதமாக இருக்கும்.

பெட்டி மூன்று மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே இருந்த குளிரை வெளியே இருந்த புழுக்கத்துக்குப் பங்கு வைத்துக்கொண்டே, கம்ப்ரசர் மூச்சுவிடாமல் ஓடியது. தேடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தபோது சாயங்காலம் ஐந்தேகால். திரையில் எட்டு.

எட்டு தம்ளர். இரவு முழுக்கப் பெட்டி ஓடினால் விடியும்போது ஒன்றுமிருக்காது. பத்து மணிக்கு மகள்.

யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒருவர் மட்டும் சொன்னார்: “வண்டியை வித்துடலாம். மாடி ரூம்ல ஜன்னல் இருக்கு.”

இன்னொருவர் சொன்னார்: “சுவரைப் பாக்கறதுக்கு ஜன்னல் எதுக்கு?”

“என்னாலதான்.”

“பெட்டியாலதான். மூடிக்கு ஒரு மணி வச்சிருக்கணும், தொறந்து கெடந்தா அடிக்கற மாதிரி. நாளைக்கு ஆசிட்கிட்ட சொல்லி வச்சுக்கலாம். அழாதீங்க. நகருங்க.”

[‘அழாதீங்க’ என்று நான் சொன்னதாக வருகிறதா, நீங்கள் சொன்னதாக வருகிறதா? தெளிவில்லை.]

தெளிவில்லாமல் இருக்கட்டும்.

பிறகு அந்த இரண்டு பேரில் ஒருவர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். விசிறியை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். பழைய கம்பளி ஒன்றை எடுத்துப் பெட்டியின்மேல், குழந்தைக்குப் போர்த்துவதுபோல, நான்கு பக்கமும் செருகி மூடினார். “அடியில பாட்டில் இருக்கு. கொஞ்ச நேரந்தான் சூடு பட்டுது, இன்னும் சில்லுன்னுதான் இருக்கும். காலை வரைக்கும் தாங்கும்” என்றார். “நாம?” என்று மற்றவர் கேட்டார். “நாமளும் தாங்குவோம்.”

10

வெள்ளிக்கிழமை. முடிவுகள்.

(அ) மேகம் கலையவில்லை. ராத்திரி ஒருவர் எழுந்து பெட்டியின் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டிருந்தார். மகள் வந்து திரையைப் பார்த்தாள்; அணைந்திருந்தது. பட்டியலில் ஒரு உணவை அடிப்பதுபோல உதட்டைக் கடித்தாள். இப்போது மாடி அறையில் இருக்கிறோம். இங்கே இரண்டு கதவு வைத்த பெரிய ஃபிரிட்ஜ். எத்தனை தடவை திறந்தாலும் யாரும் எண்ணுவதில்லை. யாரும் எண்ணாதது ஒரு மாதிரியாக இருக்கிறது.

(ஆ) ஏழு மணிக்கு வெயில் வந்தது. சும்மா வரவில்லை, மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்குத் திரையில் இருபது. கம்பளியை எடுத்து மூடியைத் திறந்தால் பால் இன்னும் சில்லென்று இருந்தது. “போயிட்டு வாங்க” என்றாள் மகள். வழக்கம்போல ஒருவர் வந்து வேனைத் தட்டி ரொட்டி கேட்டார். அந்த ஒரு நாள் மட்டும் வேனுக்குள் நிஜமாகவே ரொட்டி இருந்தது. [நம்பத்தகாதது.]

(இ) மகள் திரையின் பக்கமே போகவில்லை. தாகமாக இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. மூடிக்குள் ஒட்டியிருந்ததைப் படித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. தண்ணீர் எடுக்க வந்ததை அவளும் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மெதுவாக மூடினாள். வெளியே வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று எழுந்து, “இது யாரு எடம்னு தெரியாம ஒக்காந்துட்டேன்” என்று சொல்லி நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கு உரியவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் புல்லில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் மேகத்தைப் பற்றிப் பேசினோம்.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றையும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறேன், பார்த்ததில் எது எனக்கு நடந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று யோசிக்கலாம், குளிர் எங்கும் போகாது.

முதல் பக்கத்திலேயே சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்.

நோட்டில் இருப்பதும் மூடிக்குள் ஒட்டியிருப்பதும், இரண்டுமே என் மனைவியின் கையெழுத்து.